தெரிந்த முகம்: மட்டக்களப்பில் ஒரு கைது, அதன் பின்கதை

இந்த நிகழ்வின் நடுவில் இருப்பவருக்கு வயது 27. மட்டக்களப்பு மாவட்டத்தின் தெற்கே, எழுவான்கரையில் ஒரு கடலோர ஊர். மேசன் வேலை. இங்கே அவரைத் தம்பி என்றே எழுதுகிறேன். ஆள், ஊர், பொலிஸ் நிலையம் எதுவும் அடையாளம் தெரியாதபடி, ஒன்றுக்கு மேற்பட்டவர்களுக்கு நடந்தவற்றைச் சேர்த்து ஒரே ஆளின் கதையாகக் கட்டியிருக்கிறேன். சட்டம், மருந்து, நடைமுறை பற்றிச் சொல்பவை உள்ளபடியே.

ஊரில் வேலை குறைந்த காலத்தில் தம்பி கொழும்புக்குக் கட்டட வேலைக்குப் போனார். ஐஸ், அதாவது மெத்தம்பெட்டமின் என்ற போதைப்பொருள், அங்கேதான் பழகியது. இரவு வேலையில் நித்திரை வராமலிருக்க என்று கூட வேலை செய்த ஒருவர் கொடுத்தது. ஊருக்குத் திரும்பியபோது ஆள் பாதியாகியிருந்தார். சிறு பொட்டலத்தோடு ஒருமுறை பிடிபட்டு, குற்றத்தை ஒப்புக்கொண்டு, நீதவான் நீதிமன்றத்தில் தண்டப்பணம் கட்டினார். அதற்குப் பிறகுதான் மோசமானது. யாரோ பின்னால் வருகிறார்கள் என்பார், கிணற்றடியில் நின்று சுவரோடு கதைப்பார். ஒருநாள் வீட்டுக் கதவை உடைத்தார். தாய்தான் பொலிஸுக்கு அறிவித்தார்.

அன்றைக்கு வந்த சார்ஜன்ட் தமிழர். "இவனைக் கூட்டில போட்டு என்ன செய்யிற அம்மா, ஆஸ்பத்திரிக்குத்தான் கொண்டுபோக வேணும்" என்று சொல்லி நேரே மனநோய்ப் பிரிவுள்ள ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார். ஐஸ் பாவனையால் வரும் மனப்பிறழ்வு பலருக்கு நிறுத்திய சில நாட்களில் அல்லது கிழமைகளில் அடங்கிவிடும். சிலருக்கு அடங்காமல் நீளும். தம்பி இரண்டாவது வகை. வார்டிலிருந்து வந்த பிறகு மாதம் ஒருமுறை கிளினிக், ஒவ்வொரு நாளும் மனப்பிறழ்வை அடக்கும் ரிஸ்பெரிடோன், அதோடு அதன் பக்கவிளைவுக்குப் பென்ஸ்ஹெக்ஸோல். 14 மாதம் ஐஸ் பக்கம் போகவில்லை. வீட்டாரும் சொல்கிறார்கள், கிளினிக் கொப்பியும் அதைத்தான் சொல்கிறது.

பிரச்சினை இந்த 14 மாதத்துக்குப் பிறகு வந்தது.

மறித்த இடம்

கிளினிக் நாள். காலையில் மருந்தை வாங்கிக்கொண்டு வேலைத்தளத்துக்குப் போய், பின்னேரம் மோட்டார் சைக்கிளில் மட்டக்களப்பு–கல்முனைப் பிரதான வீதியால் வீடு திரும்பிக்கொண்டிருந்தார். வாகனச் சோதனை. ஹெல்மெட் இருந்தது, அனுமதிப்பத்திரமும் காப்புறுதியும் சரி. விட்டிருப்பார்கள். அப்போது மற்றப் பொலிஸ்காரர் கிட்ட வந்து முகத்தைப் பார்த்தார். தண்டம் கட்டிய வழக்கில் இருந்தவர் அவர்.

சட்டைப் பையில் இரண்டு காகிதச் சரைகள். அரச ஆஸ்பத்திரி மருந்தகத்தில் மாத்திரையை அட்டையோடு கொடுப்பது எப்போதும் நடப்பதில்லை. எண்ணிச் சிறிய காகித உறையில் போட்டு, பெயரையும் வேளையையும் ஆங்கிலத்தில் கிறுக்கித் தருவார்கள். ஒரு பகல் முழுக்கச் சீமெந்து குழைத்தவரின் சட்டைப் பையில் அந்த மை என்ன ஆகும்? வியர்வையில் ஊறி நீலக் கறைதான் மிச்சம். உள்ளே பெயரில்லாத வெள்ளைக் குளிசைகள்.

"இது என்ன?"

"கிளினிக் மருந்து, சேர்."

"கொப்பி எங்க?"

கொப்பி வீட்டில்.

அதற்குப் பிறகு பொலிஸ்காரர் ஆளையே பார்த்திருக்கிறார். கண்மணி விரிந்திருந்தது. நாக்கு வறண்டு, வார்த்தை இழுபட்டது. நின்ற இடத்தில் நிற்காமல் கால் மாறிமாறி மிதித்தது. கேட்டதற்குப் பதில் சுணங்கி வந்தது. "போட்டிருக்கிறான்" என்று முடிவாகிவிட்டது.

இந்த நான்கையும் ஒவ்வொன்றாக எடுத்துப் பார்க்க வேண்டும், ஏனென்றால் இந்த நிகழ்வின் முடிச்சு இங்கேதான். ஐஸ் பாவித்தவருக்குக் கண்மணி விரியும், வாய் வறளும், ஓரிடத்தில் நிற்க முடியாது. உண்மைதான். ஆனால் பென்ஸ்ஹெக்ஸோலும் கண்மணியை விரிக்கும், வாயை வறட்டும். ரிஸ்பெரிடோனால் தசை இறுகி, பேச்சும் அசைவும் மந்தமாகும். அதைச் சரிக்கட்டத்தான் பென்ஸ்ஹெக்ஸோல் கொடுக்கிறார்கள். ரிஸ்பெரிடோன் போன்ற மருந்துகள் சிலருக்கு உடம்புக்குள் ஓர் அந்தரத்தைக் கொடுக்கும்: இருக்கவும் முடியாது, நிற்கவும் முடியாது, கால் தானாக நடை போடும். வைத்தியத்தில் இதற்குத் தனிப் பெயரே உண்டு. ஆக, ஐஸ் பாவிக்கிறவரும், ஐஸை விட்டு மருந்தை ஒழுங்காகக் குடிக்கிறவரும் வீதியோரத்தில் டோர்ச் வெளிச்சத்தில் கிட்டத்தட்ட ஒரே மாதிரி இருப்பார்கள். மருந்தைக் குடிக்காமல் விட்டிருந்தால் அன்று தம்பியின் கண்மணி சாதாரணமாக இருந்திருக்கும்.

பொலிஸ்காரர் பக்கத்தையும் சொல்லத்தான் வேண்டும். பென்ஸ்ஹெக்ஸோல் ஒன்றும் அப்பாவி மருந்தில்லை. கிறக்கத்துக்காக அதை வாங்கிக் குடிக்கிறவர்கள் இருக்கிறார்கள், கிளினிக்கில் எடுத்து வெளியே விற்கிறவர்களும் இருக்கிறார்கள். நரம்பு வலிக்குக் கொடுக்கும் பிரெகபலின் கதையும் அப்படித்தான். கோயில் நிர்வாகம், பள்ளிவாசல் நிர்வாகம், பாடசாலை அதிபர், எல்லோரும் "ஏன் பிடிக்கிறீங்கள் இல்லை?" என்று கேட்பது பொலிஸைத்தான். மேலிடத்து நெருக்கடியும் இருக்கிறது. 2023 டிசம்பர் 17ஆம் திகதி தொடங்கிய "யுக்திய" என்ற பொலிஸ் போதை ஒழிப்பு நடவடிக்கையில் ஒரு மாதம் முடியுமுன்னரே 29,000க்கு மேற்பட்டோர் கைதானார்கள். எண்ணிக்கைதான் வேலையின் அளவுகோல் என்றானால் எண்ணுவதற்கு லேசான ஆள் யார்? விற்கிறவரைக் கண்டுபிடிக்கத் தகவல் வேண்டும், பொறுமை வேண்டும். முன்பு பிடிபட்டவரைக் கண்டுபிடிக்க அவர் முகம் போதும். அந்த நடவடிக்கை பற்றி 2024 ஜனவரியில் ஐக்கிய நாடுகள் மனித உரிமை அலுவலகம் கவலை வெளியிட்டபோது, பிடியாணையில்லாத தேடுதல்களையும் பொது இடத்தில் உடை களைந்து சோதித்ததாக வந்த முறைப்பாடுகளையும் குறிப்பிட்டிருந்தது. தம்பிக்கு அப்படி எதுவும் நடக்கவில்லை. ஒரு அடிகூட விழவில்லை. கொடூரமில்லாத, சாதாரணமான ஒரு கைதே எவ்வளவு செய்யும் என்று பார்ப்பதற்காகவே இதை எழுதுகிறேன்.

இரவு

தாய் இரவு 8 மணிபோல கிளினிக் கொப்பியோடு பொலிஸ் நிலையத்துக்கு வந்தார். பொறுப்பதிகாரி இல்லை, காலையில் வாருங்கள் என்றார்கள். கொப்பியை யாரும் வாங்கிப் பார்க்கவில்லை. அவர் வீட்டுக்குப் போகாமல் வெளியே மதில் ஓரத்தில் விடியும்வரை இருந்தார். வெளியூர் ஆட்களுக்கு இது மிகையாகத் தெரியலாம். 1990 செப்டெம்பர் 5ஆம் திகதி வந்தாறுமூலையில் கிழக்குப் பல்கலைக்கழக அகதி முகாமிலிருந்து கூட்டிக்கொண்டு போகப்பட்ட 158 பேர் திரும்பி வரவில்லை. தாயின் வயதுப் பெண்களுக்கு இந்த மாவட்டத்தில் "காலையில் வாங்க" என்ற வார்த்தையின் பாரம் வேறு.

உள்ளே தம்பியிடம் ஒரே கேள்வியைத்தான் திரும்பத் திரும்பக் கேட்டார்கள்: யார் தந்தது? அவருக்குத் தெரிந்த பதில் ஆஸ்பத்திரி என்பதுதான். வாக்குமூலம் சிங்களத்தில் எழுதப்பட்டது. அவருக்கு வாசிக்கத் தெரியாது. வாய்ப்பேச்சில் சுருக்கத்தைச் சொன்னார்கள், கையெழுத்து வைத்தார். வடக்கு கிழக்கில் தமிழ் நிருவாக மொழி என்று அரசியலமைப்பின் 22ஆம் உறுப்புரை சொல்கிறது. இரவுக் கடமையில் தமிழில் எழுதத் தெரிந்தவர் இல்லையென்றால் அந்த உறுப்புரை அன்றிரவு அங்கே இல்லை, அவ்வளவுதான்.

இரவு குடிக்க வேண்டிய மருந்து மேசையில், சான்றுப் பொருளாக. குடிக்கத் தரவில்லை. தம்பியும் கேட்கவில்லை.

இதே கூட்டில் வேறொருவர் இருந்திருந்தால் ஆபத்து வேறு மாதிரி இருந்திருக்கும். தூள், அதாவது ஹெரோயின், பாவிப்பவருக்குக் கடைசியாக எடுத்து 8 முதல் 12 மணித்தியாலத்தில் உடம்பு முறுக்கத் தொடங்கும். வாந்தி, வயிற்றோட்டம், நடுக்கம். பார்க்கப் பயங்கரமாக இருக்கும், ஆனால் நீர்ச்சத்தைக் கவனித்தால் பெரும்பாலும் உயிருக்கு ஆபத்தில்லை. உயிரைக் குடிக்கக்கூடியது பொலிஸ் நிலையத்தில் யாரும் பெரிதாக எடுக்காத சாராயமும் கசிப்பும்தான். நாள்தோறும் குடித்தவர் திடீரென நிறுத்தினால் முதல் இரண்டு நாட்களுக்குள் வலிப்பு வரலாம். இரண்டாம் நாளிலிருந்து நாலாம் நாளுக்குள் புத்தி மாறாட்டம் வரலாம். அப்படிப் பிதற்றுகிறவரை "நடிக்கிறான்" என்று விட்டுவிட்டால் காலையில் ஆளிருக்காது. இன்னொன்று: தூள் பாவித்தவர் சில கிழமை விளக்கமறியலில் இருந்துவிட்டு வெளியே வந்து பழைய அளவையே எடுத்தால் உடம்பு தாங்காது. மறியலால் வந்த முதல் கிழமைகள்தான் அளவு மீறிச் சாகிற காலம். இதை மறியல் வாசலில் யாராவது சொல்லியனுப்ப வேண்டும்.

காலை 9 மணிக்குப் பொறுப்பதிகாரி வந்தார். கொப்பியைப் பார்த்தார், ஆஸ்பத்திரிக்குத் தொலைபேசி எடுத்தார், பத்து நிமிடத்தில் விடயம் முடிந்தது. தம்பியை விட்டார்கள். அந்தப் பத்து நிமிட வேலை முதல்நாள் இரவு 8 மணிக்கும் செய்யக்கூடியதாகத்தான் இருந்தது, வார்டில் எந்த நேரமும் ஆள் உண்டு. மாத்திரைகள் திரும்பி வரவில்லை. எங்கே போனது என்று கேட்க அந்த நேரத்தில் யாருக்கும் தோன்றவில்லை. விட்டதே பெரிய காரியம்.

மூன்றாம் கிழமை

அடுத்த கிளினிக் நாலு கிழமை தள்ளி. இடையில் போய் "மருந்து பொலிஸில போயிட்டுது" என்று சொல்ல தம்பிக்கு வெட்கம். மருந்தை விற்றுவிட்டதாக நினைப்பார்களோ என்ற பயமும் இருந்தது. அந்தப் பயம் காரணமில்லாததும் அல்ல. முதல் கிழமை ஒன்றும் தெரியவில்லை. சொல்லப்போனால் உடம்பு லேசாக இருந்தது, கால் நடுக்கம் நின்றது, சோறு ருசித்தது. இரண்டாம் கிழமை நித்திரை குறைந்தது. மூன்றாம் கிழமை குரல் கேட்கத் தொடங்கியது. வேலைக்குப் போகவில்லை. கிணற்றடிக்குப் போனார்.

வீட்டார் கண்ணுக்கு இது என்னவாகத் தெரியும்? நித்திரையில்லை, சந்தேகம், தனியே கதைக்கிறான். முன்பு ஐஸ் அடித்தபோது இருந்த அதே கோலம். போன மாதம் பொலிஸும் பிடித்தது. பொலிஸ் சும்மாவா பிடித்திருக்கும்?

இங்கே ஒரு வீட்டு விடயம் இருக்கிறது. மட்டக்களப்புப் பக்கம் வீடு பெண்பிள்ளைக்குத்தான். தம்பியும் தாயும் இருப்பது தங்கச்சிக்குச் சீதனமாக எழுதிய வீட்டில். எழுதிக்கொடுத்த தாய்க்கே அங்கே குரல் கொஞ்சம் தாழ்ந்துதான் இருக்கும். கைக்குழந்தை இருக்கிற வீடு. தங்கச்சியின் கணவர் கடுமையான ஆளில்லை, பயந்துபோனவர். "மாமி, இனி ஏலாது. கந்தகாட்டுக்கு அனுப்புவம்" என்றார்.

கந்தகாடு போதைப் புனர்வாழ்வு நிலையம் பொலன்னறுவை மாவட்டத்தில், வெலிகந்தைப் பக்கம். இங்கிருந்து தூரமில்லை. ஒருவரை அங்கே கட்டாயமாக அனுப்ப வழி செய்வது 2007ஆம் ஆண்டின் 54ஆம் இலக்கச் சட்டம். போதைப்பொருளுக்கு அடிமையானவர்களின் சிகிச்சை, புனர்வாழ்வு பற்றியது. பொலிஸார் ஆளை நீதவான் முன் கொண்டுபோய், அரச வைத்தியரின் பரிசோதனை நடந்து, உத்தரவு வர வேண்டும். அந்த வைத்தியப் பரிசோதனை எவ்வளவு கவனமாக நடக்கிறது என்பதில்தான் எல்லாம் தங்கியிருக்கிறது. அவசரத்தில் நடந்தால், அன்று தம்பியைப் பார்க்கிற எவரும் அடிமை என்றே எழுதியிருக்கக்கூடும்.

தாய் மறுத்தார். 2022 ஜூனில் கந்தகாட்டில் ஒருவர் இறந்து, அதைத் தொடர்ந்த கலவரத்தில் நூற்றுக்கணக்கானோர் வேலி தாண்டி ஓடியதும், அந்த மரணம் தொடர்பாகப் படையினர் நால்வர் கைதானதும் இந்தப் பக்கம் எல்லோருக்கும் தெரியும். இப்படியான நிலையங்களுக்குப் பொறுப்பான புனர்வாழ்வுப் பணியகம் பற்றிய சட்டமூலம் முழுவதுமாகவே அரசியலமைப்புக்கு முரணானது என்று உயர் நீதிமன்றம் 2022இல் சொன்னது, திருத்தங்களோடு 2023 ஜனவரியில் அது நிறைவேறியது என்பதெல்லாம் அவருக்குத் தெரிந்திருக்காது. "அங்க ஆமிக்காரன் இருக்கான். மருந்து குடுக்கிற டொக்டர் இருக்காரா?" என்று மட்டும் கேட்டாராம். அதைவிட நல்ல கேள்வியை நான் எந்தக் கூட்டத்திலும் கேட்டதில்லை.

முடிச்சை அவிழ்த்தது கிளினிக்கின் மனநலத் தாதி. தம்பி தவணைக்கு வரவில்லை என்று வீட்டுக்கு வந்தவர், மாத்திரை எத்தனை மிச்சமிருக்கிறது, காட்டுங்கள் என்று கேட்டார். ஒன்றும் மிச்சமில்லை. எப்போதிருந்து? கைதான நாளிலிருந்து. அப்போதுதான் வீட்டிலுள்ளவர்கள் இரண்டையும் சேர்த்துப் பார்த்தார்கள். சிறுநீர்ப் பரிசோதனையில் ஐஸ் இல்லை. அந்தப் பரிசோதனை கடைசி இரண்டு முதல் நாலு நாள் வரையான பாவனையைத்தான் காட்டும். சில தடிமன் மருந்துகள் இல்லாததை இருப்பதாகக் காட்டுவதும் உண்டு. ஆனால் இங்கே மற்ற எல்லாத் தகவலும் அதோடு ஒத்துப்போனது. வார்டில் கொஞ்ச நாள் வைத்திருந்து மருந்தைத் திரும்பத் தொடங்கினார்கள். குரல் அடங்கியது.

சட்டம் எங்கே நிற்கிறது

தம்பியை மறித்ததில் பிழையில்லை, வாகனச் சோதனை அது. பையைப் பார்த்ததுகூட விவாதத்துக்குரியது என்று விடலாம். கைதுதான் கேள்வி. பிடியாணை இல்லாமல் கைது செய்ய நியாயமான சந்தேகம் வேண்டும். அந்தச் சந்தேகம் அதிகாரி தானே அறிந்த விடயத்தில், அல்லது நம்பத்தகுந்த ஒருவர் சொன்ன தகவலில் நிற்க வேண்டும் என்று 1951ஆம் ஆண்டிலேயே முத்துசாமி எதிர் கன்னங்கர வழக்கில் நமது நீதிமன்றம் சொல்லிவிட்டது. பழைய தண்டம் இன்றைய பைக்குள் என்ன இருக்கிறது என்பதைச் சொல்லாது. குளிசையைப் பார்த்ததும் சந்தேகம் வந்தது சரி. கொப்பி வந்து சேர்ந்த 8 மணிக்குப் பிறகும் அந்தச் சந்தேகம் நியாயமானதாக இருந்ததா? என் கணக்கில் இல்லை. பார்க்க மறுத்த ஆதாரத்தைக் காட்டி "எங்களுக்குத் தெரியாது" என்று சொல்ல முடியாது.

1979ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கக் குற்றவியல் நடவடிக்கைமுறைச் சட்டக்கோவையின் 23ஆம் பிரிவு, கைதாகிறவருக்குக் குற்றச்சாட்டு என்னவென்று சொல்ல வேண்டும் என்கிறது. யார் தந்தது என்று கேட்பது குற்றச்சாட்டைச் சொல்வதாகாது. 37ஆம் பிரிவின் 24 மணித்தியாலத்தைப் பொலிஸும் மக்களும் ஒரே மாதிரிப் பிழையாக விளங்கிவைத்திருக்கிறார்கள்: "24 மணித்தியாலம் வைக்கலாம்தானே." அந்தப் பிரிவு நியாயமாகத் தேவைப்படும் நேரத்துக்கு மேல் வைக்கக்கூடாது என்கிறது, 24 அதன் கடைசி எல்லை. ஒரு தொலைபேசி அழைப்பில் முடியும் விடயத்துக்கு நியாயமான நேரம் எவ்வளவு என்பதை வாசிப்பவர்களே சொல்லலாம்.

சட்டத்தரணி ஒருவர் வந்திருந்தால் இரவே முடிந்திருக்கலாம். பொலிஸ் நிலையத்தில் சட்டத்தரணி தோன்றுவதற்கான விதிகள் 2012இல் வர்த்தமானியில் வந்தவை. தாய்க்கு அது தெரியாது. தெரிந்திருந்தாலும் இரவில் யாரைக் கூப்பிடுவது, காசுக்கு எங்கே போவது? மனித உரிமைகள் ஆணைக்குழுவின் 1996 என்ற இலக்கத்தையாவது வீட்டுச் சுவரில் எழுதி வையுங்கள் என்று நான் சொல்வது இதனால்தான். ஆணைக்குழுவுக்கு மட்டக்களப்பிலும் கல்முனையிலும் பிராந்திய அலுவலகங்கள் உண்டு. போதை பற்றிய ஆலோசனைக்கு 1927, மனநல உதவிக்கு 1926.

மாத்திரை திரும்பி வராததைச் சட்டத்தில் எந்தப் பெட்டிக்குள் போடுவது என்று தேடினேன். வழக்கு இல்லையென்றால் சான்றுப் பொருளும் இல்லை. பிறகு எந்த உரிமையில் வைத்திருந்தார்கள்? பற்றுச்சீட்டு இல்லை, பதிவு இல்லை. இந்தக் கைதில் ஆகப் பெரிய சேதத்தைச் செய்தது இதுதான். அதுவும் யாரும் வேண்டுமென்று செய்யாதது.

பிறகு

உயர் நீதிமன்றத்தில் அடிப்படை உரிமை மனு போட ஒரு மாதம்தான் கால எல்லை. அந்த மாதத்துக்குள் ஆணைக்குழுவில் முறைப்பாடு கொடுத்தால், அங்கே விசாரணை நடக்கும் காலம் கணக்கில் வராது. தம்பி வார்டிலிருந்து வெளியே வந்தபோது மாதம் கடந்துவிட்டது. கடக்காவிட்டாலும் கொடுத்திருக்க மாட்டார்கள். அதே வீதியால்தான் ஒவ்வொரு நாளும் வேலைக்குப் போக வேண்டும், அதே பொலிஸ்காரர்தான் அங்கே நிற்பார் என்றார் தாய். அவரைக் குறை சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

கிளினிக்கில் இரண்டு மாற்றம் செய்தார்கள். கிடைக்கும்போது மருந்தை அட்டையோடு கொடுக்கிறார்கள், வெட்டாமல். டொக்டர் கையெழுத்தும் ஆஸ்பத்திரி முத்திரையும் உள்ள ஒரு கடிதம் தமிழிலும் சிங்களத்திலும் எழுதி, பிளாஸ்டிக் உறை போட்டுக் கொடுத்திருக்கிறார்கள். மாதத்துக்கு மாத்திரை எத்தனை, அடுத்த கிளினிக் எப்போது, சந்தேகமிருந்தால் எந்த வார்டுக்கு எடுப்பது என்பதெல்லாம் அதில் இருக்கிறது. அதற்குப் பிறகு தம்பியை இரண்டு முறை மறித்தார்கள். கடிதத்தைப் பார்த்துவிட்டு ஐந்து நிமிடத்தில் விட்டார்கள். ஒருமுறை பார்த்தவர் அன்று கைது செய்த அதே ஆள்தான்.

தம்பிக்கு அந்தக் கடிதம் பிடிக்கவில்லை. அதில் நோயின் பெயர் இருக்கிறது. இரண்டாம் முறை மறித்தபோது வேலைத்தளத்து பாஸ் பின்னால் வந்து நின்று, பொலிஸ்காரர் சத்தமாக வாசித்ததைக் கேட்டுவிட்டார். மருந்தின் பெயரும் கிளினிக் நாளும் மட்டும் போதும், நோயின் பெயரை எடுத்துவிடுங்கள் என்று டொக்டரிடம் கேட்டிருக்கிறார். அடுத்த தவணையில் மாற்றி எழுதித் தருவதாகச் சொல்லியிருக்கிறார்கள்.